ஓர் அட்டைக்காக ஒரு கணினியை எறிவதா?

கணினியின் திரையில் கோடு கோடாக விழுந்தால், நிறங்கள் சிதறினால், அல்லது திரை இருண்டுபோனால் எம்மில் பலர் உடனே சொல்வது ஒன்றுதான்: "கொம்பியூட்டர் செத்துப் போச்சு." கடைக்குக் கொண்டுபோனாலும் "உது பழசு, புதுசு ஒண்டு எடுங்கோ" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பல வேளைகளில் பழுதாகியிருப்பது உள்ளே இருக்கும் ஓர் அட்டை மட்டுமே. அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த ஒரு திருப்புளியும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். அதைச் செய்பவர் ஒரு பெண்பிள்ளையாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தோழியரே, இக்கட்டுரையில் நான் வாதாட விரும்புவது இவ்வளவுதான்.

முதலில் அந்த அட்டை எதுவென்று பார்ப்போம். கணினி கணக்கிட்டு முடிக்கும் எழுத்தையும் படத்தையும் திரைக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றி அனுப்பும் பகுதி கிராபிக்ஸ் அட்டை. எமது நாட்டுக் கடைகளில் இதை "வீ.ஜீ.ஏ." என்றே சொல்வார்கள். உண்மையில் வீ.ஜீ.ஏ. என்பது 1987இல் ஐ.பீ.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒரு காட்சித் தரத்தின் பெயர். அந்தத் தரம் பழையதாகிவிட்டது, ஆனால் பெயர் மட்டும் எமது கடைத்தெருக்களில் நிலைத்துவிட்டது. எல்லாக் கணினிக்கும் இது தனி அட்டையாக இருப்பதில்லை. பல கணினிகளில் புரொசெசருக்கு உள்ளேயே அந்த வேலை நடந்துவிடும். கட்டட வரைபடம், காணொளித் தொகுப்பு, விளையாட்டு போன்ற பாரமான வேலைகளுக்காக வாங்கப்பட்ட கணினிகளில்தான் தனி அட்டை இருக்கும்.

இந்த அட்டைகள் ஏன் பழுதாகின்றன? அட்டையின் நடுவே இருக்கும் சிப், கண்ணுக்குத் தெரியாதபடி அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஈயப்பற்று உருண்டைகளால் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்யும்போது சிப் சூடாகி விரிகிறது, நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகிறது. விரியும் அளவு சிப்புக்கு ஒன்று, பலகைக்கு வேறொன்று. ஆயிரக்கணக்கான தடவை இப்படி இழுபட்ட இணைப்பு ஒருநாள் வெடிக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் பொருத்தப்பட்ட தனது சிப்புகள் சில வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதற்கென 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்க நேர்ந்தது.

எமது குடாநாட்டிலோ இதற்கு மேலதிகக் காரணங்களும் உண்டு. சுற்றிவரக் கடல். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது. கோடையின் செம்மண் புழுதி யன்னல் வழியே வந்து விசிறியில் படிகிறது. விசிறி சுற்ற மறுத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் இணைப்பு தளரும். மின்சாரம் போய் வரும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் இதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு மேசைக் கணினி, நானா கட்டட வரைபடம் படித்த காலத்தில் வாங்கியது. அவர் இப்போது புத்தளத்தில் வேலை செய்கிறார். கணினி எனக்கு வந்து சேர்ந்தது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய தவணையில், செயற்றிட்ட அறிக்கை பாதியில் இருந்தபோது, திரை முழுவதும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் விழத் தொடங்கின. ஒரு கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், "பிள்ளை, உதுக்குக் காசு செலவழிக்கிறது வீண்" என்றார். புதியதன் விலையைக் கேட்ட வாப்பா ஒன்றும் பேசவில்லை. வாப்பா தையல் வேலை செய்பவர். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்: "மெஷினில ஊசி உடைஞ்சா ஊசியத்தானே மாத்துறோம்? மெஷினையா எறியிறோம்?"

அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. மேசைக் கணினி என்பது பிறப்பிலேயே பிரித்துப் பூட்டக்கூடிய பொருள். 1981இல் ஐ.பீ.எம். தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, மற்றவர்களும் அட்டைகள் செய்து பொருத்தும் வகையில் உள்ளே இடம் விட்டு, அதன் தொழினுட்ப விபரங்களையும் வெளியிட்டது. அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 2003 அளவில் வந்த பீ.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற பொருத்துமுறை பல தலைமுறைகளைக் கண்டுவிட்டது. ஆனாலும் புதிய அட்டை பழைய துளையிலும், பழைய அட்டை புதிய துளையிலும் பொருந்தும் வகையிலேயே அது வளர்க்கப்பட்டிருக்கிறது. கைபேசியைப் போலப் பசை போட்டு ஒட்டி மூடிய பெட்டியல்ல இது. தையல் மெஷினுக்கு ஊசி எப்படியோ, மேசைக் கணினிக்கு அட்டை அப்படி.

அன்றிரவே நானா தொலைபேசியில் வழி சொல்ல, நான் மூடியைக் கழற்றினேன். எதையும் மாற்றுவதற்கு முன்னர் நோயை அறிய வேண்டும் என்றார் அவர். அந்த ஒழுங்கை இங்கே எழுதி வைப்பது எவருக்காவது உதவும்.

முதலில் மொனிட்டரையும் வயரையும் சோதிக்க வேண்டும். வயர் தளர்ந்திருந்தாலும் இதே கோலம்தான் தெரியும். அடுத்து, கட்டங்கள் எப்போது விழுகின்றன என்று கவனிக்க வேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன்னர், கணினியைப் போட்டவுடன் தோன்றும் முதல் எழுத்துகளிலேயே அவை இருந்தால், மென்பொருளில் குற்றமில்லை, கோளாறு வன்பொருளில். மூன்றாவது சோதனைதான் தீர்ப்புச் சொல்வது. மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போட்டில் இருக்கும் துளையில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். புரொசெசருக்குள் கிராபிக்ஸ் வசதி இருக்கும் கணினியென்றால் திரை தெளிவாக வரும். எங்கள் வீட்டுக் கணினியில் வந்தது. அட்டைதான் நோயாளி என்பதும், எனது அறிக்கை பத்திரமாக இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அந்த உள்வசதியை வைத்தே அறிக்கையை எழுதி முடித்தேன். வரைபட மென்பொருளுக்குத்தான் அட்டை தேவைப்பட்டது.

பழைய அட்டையின் தூசியைத் துடைத்து, சிப்புக்கும் உலோகத் தட்டுக்கும் இடையே காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தும் பார்த்தோம். சில அட்டைகளுக்கு இதுவே மருந்தாகிவிடும். இதற்கு ஆகவில்லை. அட்டையை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று சிலர் சொல்வதுண்டு. அது சில நாள்கள், சில வாரங்கள் உயிர் கொடுக்கலாம். வெடித்த இணைப்பு மீண்டும் வெடிக்கும். உணவு சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகை படிவதுதான் மிச்சம்.

ஆகவே வேறு அட்டை வாங்க வேண்டியிருந்தது. இங்கேதான் கவனம் வேண்டும். கடையில் பளபளப்பாக இருப்பதெல்லாம் எமது பெட்டிக்குப் பொருந்தாது. நான்கு விடயங்களைப் பார்த்தேன்.

ஒன்று, மின்சாரம். அட்டை செருகும் துளை அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் போக வேண்டும். ஆறு ஊசி வயர் என்றால் இன்னொரு 75 வாட், எட்டு ஊசி என்றால் 150 வாட். பழைய பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்காமல் அட்டை வாங்கக்கூடாது. இரண்டு, நீளம். பெட்டிக்குள் ஹாட் டிஸ்க் இருக்கும் இடம் வரை அளந்து பார்க்க வேண்டும். மூன்று, மொனிட்டர் துளை. பழைய மொனிட்டர்களில் நீல நிற வீ.ஜீ.ஏ. துளை மட்டுமே இருக்கும். புதிய அட்டைகளில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போட் துளைகளே உண்டு. சமிக்ஞையை மாற்றித் தரும் சிறு கருவி ஒன்று தேவைப்படலாம். நான்கு, கணினியின் வயது. யூ.ஈ.எஃப்.ஐ. வருவதற்கு முந்திய பழைய பயொஸ் கொண்ட மதர்போட்டுகளில், மிகப் புதிய அட்டைகள் சில திரையைக் காட்ட மறுக்கும். அட்டையில் குற்றமில்லை, இருவரும் வேறு மொழி பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பாவித்த அட்டை வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அதன் முன்கதையை விசாரிக்க வேண்டும். கிரிப்டோ நாணயம் "தோண்டுவதற்காக" இரவு பகலாக ஓடிய அட்டைகள் ஏராளம். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் தனது முறையை மாற்றி, அட்டைகளின் தேவையை இல்லாமலாக்கியதும் அவை உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. ஓடவைத்துக் காட்டாத அட்டைக்குக் காசு கொடுக்கக்கூடாது. எங்களுக்குத் தனி மின்வயர் தேவைப்படாத ஒரு சிறிய அட்டை, பாவித்ததாகவே கிடைத்தது. கடையில் வைத்தே ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாப்பா காசை எண்ணினார்.

பொருத்துவது மிகச் சிறிய வேலை. பழைய அட்டைக்கான டிரைவர் மென்பொருளை முதலில் நீக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பின், கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு எமது உடலிலுள்ள நிலைமின்னையும் இறக்கிவிட வேண்டும். திருகாணியைக் கழற்றி, துளையின் ஓரத்தில் இருக்கும் சிறு கொளுக்கியை அழுத்தி, அட்டையை நேராக மேலே தூக்க வேண்டும். இதை மறந்து இழுப்பவர்கள்தான் மதர்போட்டை உடைப்பவர்கள். புதியதை அதே துளையில் நேராக வைத்து, "டிக்" என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தித் திருகாணியைப் பூட்ட வேண்டும். மொனிட்டர் வயரை இப்போது அட்டையில் செருக வேண்டும். மூடியை மூட முன்னரே எங்கள் வீட்டில் திரை வந்துவிட்டது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களின் வாதங்களையும் நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. பழைய கணினி அதிக மின்சாரம் குடிக்கும் என்பார்கள். அது ஓரளவு உண்மை. ஆனால் அட்டையை மாற்றும்போது அதையும் குறைக்கலாம். 2010இல் வந்த ஜீ.டி.எக்ஸ். 480 அட்டை 250 வாட் வரை இழுத்தது. 2019இல் வந்த ஜீ.டி.எக்ஸ். 1650, 75 வாட்டில் அதைவிட வேகமாக ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதே, பழைய கணினியை வைத்து என்ன செய்வது என்பார்கள். விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகளில் லினக்ஸ் இலவசமாக ஓடும், தமிழும் அதில் நன்றாகவே எழுதலாம். மதர்போட்டே வீங்கிய கொண்டென்சர்களோடு கிடந்தாலோ, அட்டையின் விலை கணினியின் பெறுமதியைத் தாண்டினாலோ, அப்போது புதியதை நாடுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும் என்பது என் வாதமல்ல. திறந்து பார்க்காமல் தீர்ப்பளிக்கக்கூடாது என்பதே என் வாதம்.

காசுக்கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். 2022இல் சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தாண்டியது. நாம் பாவிக்கும் கணினிப் பாகம் ஒவ்வொன்றும் டொலர் கொடுத்து வாங்கப்படுவது. முழுப் பெட்டிக்குப் பதிலாக ஓர் அட்டையை இறக்குமதி செய்தால் அது வீட்டுக்கும் மிச்சம், நாட்டுக்கும் மிச்சம்.

இதைவிடப் பெரிய கணக்கு எமது கிணற்றில் இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரே எமது குடிநீர். அந்தப் பாறை துளைகள் நிறைந்தது, மேலே ஊற்றுவதை வடிகட்டாமல் உள்ளே விட்டுவிடும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் அயற்கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பானது. இழப்பீடு கிடைக்கலாம், கெட்ட நீர் நல்ல நீராகத் திரும்புவது எளிதல்ல. பழைய மின்பலகைகளின் பற்றில் ஈயம் உண்டு. பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டர்களிலும் ஈயம் உண்டு. செம்பு எடுப்பதற்காக வயர்களை எரித்தால் நச்சுப்புகை. 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகிறது. எமது பின்வளவில் எறியப்படும் கணினி அந்த மலையின் ஒரு கல். வீண்விரயம் கூடாதென்று சோற்றுப் பருக்கைக்குச் சொல்லி வளர்க்கப்பட்ட நாம், அதையே பெரிய பொருள்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திப் பாவிக்கும் உரிமைக்கென ஒரு சட்டப்பணிப்பை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி போன்றவற்றை உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் நியாய விலையில் திருத்திக் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் கடமைப்பட்டவர்கள் என்கிறது அது. செல்வந்த நாடுகள் சட்டம் போட்டுக் கற்றுக்கொள்வதை யாழ்ப்பாணம் எப்போதோ தேவையால் கற்றுக்கொண்டது. 1990களில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்து வாட்டியபோது, இங்கிருந்தவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலை விளக்காக்கிப் படித்தார்கள்.

அக்காலத்தில் எம்மவர்கள் இங்கே இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷினையும் பட்டறைச் சாமானையும் விட்டுப் போனவர்கள், கிடைத்த பழைய பொருளைத் திருத்தித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இரு பக்கத்து மூத்தவர்களிடமிருந்தும் எமக்கு வந்து சேர்ந்த சொத்து ஒன்றுதான்: உள்ளதை ஓடவைக்கும் கைப்பழக்கம். அதை எமது தலைமுறை தொலைத்துவிடக்கூடாது.

கடைசியாகப் பெண்பிள்ளைகளைப் பற்றி. பாடப்புத்தகப் படத்தில் மதர்போட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். ஆனால் வீட்டில் கணினி பழுதானால் தம்பியைக் கூப்பிடுகிறோம், அவனுக்குப் பத்து வயதானாலும்! தையல் மெஷினின் நூல் அறுந்தால் பிரித்துப் பூட்டுவோம், அரைக்கும் மிக்ஸியின் பிளேட்டைக் கழற்றிக் கழுவுவோம், காஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டுவோம். இவற்றையெல்லாம் செய்யும் கைக்கு நான்கு திருகாணி பாரமா? கணினியைத் திறக்கப் பிறரை எதிர்பார்க்கும் பெண், தனது படங்களும் ஆவணங்களும் கொண்ட பெட்டியை முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. இதுவும் சிறிய விடயமல்ல.

எனவே கல்லூரி நிருவாகத்திடமும் சக மாணவியரிடமும் ஒரு வேண்டுகோள். கணினி ஆய்வுகூடத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டிகளை ஏலத்தில் விடுவதற்கு முன், ஒன்றையாவது எமக்குத் தாருங்கள். ஒரு மேசையில் மூடி இல்லாமல் அதை வைத்து, மாதத்தில் ஒரு பாடவேளை கழற்றிப் பூட்ட விடுங்கள். அட்டையை எடுப்போம், ரேமை எடுப்போம், விசிறியைத் துடைப்போம், மீண்டும் பொருத்துவோம். ஓடினால் தரம் ஆறு மாணவியருக்குத் தட்டச்சுப் பழக ஒரு கணினி மிச்சம். ஓடாவிட்டாலும் அது ஏற்கனவே கைவிடப்பட்டதுதான், நட்டம் ஒன்றுமில்லை. திருப்புளி வாங்க நாங்கள் வகுப்பில் காசு சேர்த்துக்கொள்கிறோம்.